சிரைப் புண்ணின் வலி: புண் ஆறுவதை அது எப்படித் தடுக்கிறது?

கணுக்காலுக்குச் சற்று மேலே, பெரும்பாலும் உட்புறத்தில், மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் புண்ணைப் பலரும் வெரிகோஸ் புண் என்பார்கள். ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளின் கோளாறால் வரும் சிரைப் புண் இதுதான். தமனி அடைப்பால் வரும் புண்தான் வலிக்கும், சிரைப் புண் அவ்வளவாக வலிக்காது என்ற எண்ணம் மருத்துவர்களிடமே நெடுங்காலம் இருந்தது. நோயாளிகளிடம் நேரடியாகக் கேட்ட ஆய்வுகள் அதைத் தவறென்று காட்டிவிட்டன. பெரும்பாலோருக்கு வலி உண்டு. பலருக்கு அதுதான் முதல் துன்பம்.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரைகளில் ரத்த அழுத்தம் சுமார் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நடந்தால் கெண்டைக்கால் தசை சுருங்கி, சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். வால்வுகள் அதைத் திரும்பி இறங்க விடாது. அதனால் அழுத்தம் 30 மி.மீ.-க்கும் கீழே போய்விடும். வால்வு பழுதானாலோ, பழைய ரத்தக்கட்டு ஆழ்சிரையைக் கெடுத்திருந்தாலோ, நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு இறங்காது. நுண்குழாய்களிலிருந்து நீரும் புரதமும் சிவப்பணுக்களும் கசியும். அந்தச் சிவப்பணுக்களின் இரும்புதான் தோலைப் பழுப்பாக்குகிறது. வெள்ளையணுக்கள் தேங்கி அழற்சி மூளும், தோல் இறுகும். அப்புறம் ஒரு சிறு கீறல் போதும்.

வலி இங்கே ஒரே வகையல்ல. அழற்சியில் சுரக்கும் வேதிப்பொருள்கள் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் வருவது ஒன்று: விண்விண்ணென்று தெறிக்கும். நரம்பே சிதைவதால் வருவது இன்னொன்று: எரியும், சுருக்கென்று குத்தும். மாதக்கணக்கில் இப்படியே போனால் தண்டுவட நரம்புகளும் கூர்மையடைந்துவிடும்; போர்வை உரசினாலே வலிக்கும். எரிச்சல் வலிக்குச் சாதாரண வலி மாத்திரை பெரும்பாலும் எடுபடாது, நரம்பு வலிக்கான மருந்து தேவைப்படலாம். ஆகவே எப்படி வலிக்கிறது என்று மருத்துவர் விவரமாகக் கேட்டே ஆக வேண்டும்.

வலிக்கிற காலை யாரும் ஊன்றி நடக்க மாட்டார்கள். நடக்காவிட்டால் கெண்டைக்கால் தசை மெலியும், கணுக்கால் மூட்டு இறுகும், சிரை அழுத்தம் குறையவே குறையாது. புண்ணும் ஆறாது. இரவில் தூக்கம் கெடும். நீர் வடிந்து வாடை வருவதால் பலர் ஆட்களோடு பழகுவதையே விட்டுவிடுகிறார்கள், மனச்சோர்வு சேர்ந்துகொள்கிறது. புண் எத்தனை சென்டிமீட்டர் சுருங்கியது என்று மட்டும் அளந்தால் இதில் எதுவும் தெரியவராது. தூக்கத்தையும் நடையையும் கேட்டுக் குறிப்பதும் சிகிச்சையின் பகுதி என்றே நான் நினைக்கிறேன்.

முக்கியச் சிகிச்சை, கணுக்காலில் சுமார் 40 மி.மீ. அழுத்தம் தரும் கம்ப்ரஷன் கட்டு, அதாவது காலை இறுக்கிச் சுற்றும் கட்டு. தமனி ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைக் கட்ட வேண்டும். இல்லையென்றால் காலுக்கே ஆபத்து. போகப்போக இந்தக் கட்டு வலியைக் குறைக்கும். ஆனால் முதல் நாட்களில் வலி கூடலாம், அப்போதுதான் பலர் அவிழ்த்துவிடுகிறார்கள். அந்த நாட்களுக்கு வலி மருந்து முன்கூட்டியே தரப்பட வேண்டும். புண்ணில் அழுகிய சதையை அகற்றும் முன் லிடோகெய்ன்-பிரிலோகெய்ன் களிம்பு தடவினால் அந்த வலி நன்றாகக் குறைகிறது. ஒட்டாத சிலிகான் கட்டுத்துணி, கட்டு மாற்றும் நேரத்து வேதனையைத் தணிக்கும்.

தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் பழுதான சிரையை அடைக்கும் சிகிச்சையைப் புண் ஆறும்வரை தள்ளிப்போடுவது முன்பு வழக்கம். 2018-இல் வெளியான பிரிட்டனின் எவ்ரா ஆய்வில், கம்ப்ரஷனோடு அதையும் சீக்கிரமே செய்துகொண்டவர்களுக்குப் புண் ஆற எடுத்த இடைநிலைக் காலம் (பாதிப்பேருக்குப் புண் ஆறிவிட்ட காலம்) 56 நாட்கள். தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாட்கள்.