புகைக்கரி எல்லாம் ஒரே கறுப்பு இல்லை

பொங்கல் லீவு முடிந்து வேலைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது, காற்றுத்தர நிலையத்தில் ஓடும் எத்தலோமீட்டரின் மூடியைத் திறந்து நாடாவைப் பார்ப்பதுதான். அந்தக் கருவி காற்றை இழுத்து ஒரு வெள்ளை வடிகட்டி நாடா வழியே அனுப்பும், கரி வட்டப் பொட்டாகப் படியும், 370 முதல் 950 நானோமீட்டர் வரை, அதாவது புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை, ஏழு அலைநீளங்களில் ஒளி அடித்து எவ்வளவு விழுங்கப்பட்டது என்று பார்க்கும். பொட்டு அதிகம் கறுத்தால் நாடா தானே நகர்ந்துகொள்ளும். போகி விடியற்காலையில் சும்மா நகர்ந்துகொண்டே இருந்திருக்கும்.

எனக்கு அதில் பிடித்தது நிறம். சாயங்கால டிராஃபிக் நேரத்துப் பொட்டு பென்சில் தூள் தேய்த்த மாதிரி இருக்கும். பாய், ஓலை, சருகு எரிந்த நேரத்துப் பொட்டில் காபிக் கறை தெரியும். டயர் எரித்திருந்தால் மறுபடியும் நல்ல கறுப்பு.

சூடான சுடரில் பிறக்கும் கரி, கிராஃபைட் போல அடுக்கடுக்கான கார்பன். 20 முதல் 50 நானோமீட்டர் அளவு உருண்டைகள், திராட்சைக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லா நிறத்தையும் விழுங்கும். பச்சை ஒளியில் இதன் ஒரு கிராம் சுமார் 7.5 சதுர மீட்டர், அதாவது ஒரு சின்ன அறையின் தரை அளவுக்கு, வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈர விறகோ சருகோ கனன்று புகையும்போது சூடு போதாமல் பாதி உடைந்த தார் போன்ற பொருள்கள்தான் அதிகம் வரும். அவை சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும், நீலத்தையும் புற ஊதாவையும் பிடிக்கும். அதனால்தான் பழுப்பு.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை காட்டுவேன். விறகுப் புகை படிந்த வடிகட்டித் துண்டை மெத்தனாலில் போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் திரவம் டீ டிகாக்‌ஷன் மாதிரி ஆகிவிடும், கறுப்பு மட்டும் கரையாமல் வடிகட்டியிலேயே உட்கார்ந்திருக்கும். டீசல் துண்டில் அவ்வளவு நிறம் இறங்காது. இது நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியாததா என்ன? கண்மைக்கு விளக்கெண்ணெய்ச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்தார்கள், அடுப்படிப் பரணில் பிசுபிசுவென்று தொங்கும் ஒட்டடையைத் தொடவில்லை.

சரி, இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் தெருவில் தினமும் சருகைக் குவித்துக் கொளுத்தும் பெரியவர் ஒருவர், "வெள்ளைப் புகைதானே தம்பி, கரியே இல்லையே" என்கிறார். அந்தத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அவை விழுங்கும் புற ஊதா நம் கண்ணுக்குத் தெரியாது, 370 நானோமீட்டர் ஒளியில் கருவிக்குத் தெரியும். நுரையீரலுக்கு நிறக் கணக்கெல்லாம் கிடையாது. காற்றுத்தரச் செயலியில் வரும் பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டரும் அதைவிடச் சிறியதுமான நுண்துகள்) எண்ணும் எடையை மட்டுமே சொல்லும், எது எரிந்தது என்று சொல்லாது. கண்ணாடிக் கூண்டு இல்லாத மண்ணெண்ணெய்த் திரி விளக்கும் சாதுவாகத்தான் தெரியும். ஆனால் அதில் எரியும் எண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் கிட்டத்தட்ட சுத்தமான கருங்கரியாக மாறுகிறது.

காற்றில் மிதக்க மிதக்க இந்தக் கரிமேல் சல்ஃபேட்டும் கரிமப் பொருள்களும் பூச்சாகப் படியும். பூச்சு லென்ஸ் மாதிரி ஒளியை உள்ளே குவிப்பதால் விழுங்கல் கூடும். எவ்வளவு கூடும் என்பதில்தான் எங்கள் ஆட்களுக்குள் சண்டை. ஆய்வகத்தில் இரண்டு மடங்கு வரை பார்த்திருக்கிறார்கள், 2012-இல் வெளியான கலிஃபோர்னியா அளவீட்டில் சராசரியாக வெறும் 6 சதவீதம். கரியும் மற்றதும் எப்படிக் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது என்றே நான் நினைக்கிறேன்.

அப்புறம், "எல்லாம் லாரியும் பஸ்ஸும் விடுகிற புகைதான்" என்பவர்களுக்கு: கார்பன்-14 என்பது காலப்போக்கில் சிதைந்து மறையும் ஒரு கார்பன் வகை. பல கோடி வருடம் புதைந்து கிடந்த நிலக்கரி, பெட்ரோலியத்தில் அது இருக்காது, விறகிலும் சருகிலும் இருக்கும். மாலத்தீவிலும் புனே பக்கத்து சிங்ககட்டிலும் பிடித்த குளிர்காலக் கரியில் அதை எண்ணிப் பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள். பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, வறட்டி, பயிர்க்கழிவு எரித்ததிலிருந்து வந்தது.

இந்த வருட நாடாவிலிருந்து பழுப்புப் பொட்டு ஒன்றை வெட்டிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். பெரியவர் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் தீப்பெட்டியோடு வருவார்.