ஃபோபியா: அச்சமா, வெருளியா?

“எனக்குக் கணக்கு என்றாலே ஃபோபியா” என்று சிரித்துக்கொண்டே சொல்பவர் கணக்கை வெறுக்கிறார், அவ்வளவுதான். சுவரில் ஒரு பல்லி இருக்கிறது என்பதற்காகப் பசியோடு சமையலறை வாசலிலேயே நிற்பவரிடம்தான் இந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது.

சொல் கிரேக்கம்; ஃபோபோஸ் என்பதிலிருந்து வந்தது. ஃபோபோஸ் என்பது போர்க்கடவுள் ஏரிஸின் மகன் பெயர். 1877இல் அசாஃப் ஹால் கண்டறிந்த செவ்வாயின் இரு நிலவுகளில் பெரியதற்கும் அதே பெயர். அகராதி அச்சம் என்று பொருள் சொல்லும். ஆனால் பழங்கிரேக்கக் கவி ஹோமரின் காவியங்களில் ஃபோபோஸ் என்றால் பெரும்பாலும் ஓட்டம்: படை கலைந்து புறமுதுகிட்டு ஓடுவது.

இந்தப் பழைய பொருளில்தான் நோயின் சூட்சுமம் இருக்கிறது. லிஃப்டைக் கண்டு நடுங்குபவர் எட்டு மாடியும் படியேறுகிறார். திரும்பி நடந்த கணமே படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதிதான் வினை. ‘ஓடியதால் பிழைத்தோம்’ என்று மனம் பதிந்துகொள்கிறது. அடுத்த முறை கால் இன்னும் சீக்கிரம் பின்வாங்கும். பிறகு எட்டாவது மாடியில் கிடைத்த வேலையே வேண்டாம் என்றாகிவிடும். பொதுவாக 6 மாதமாவது நீடித்து, அன்றாட வாழ்வையும் முடக்கினால்தான் மருத்துவர்கள் இதை நோய்க் கணக்கில் சேர்க்கிறார்கள்.

இரத்தத்தையும் ஊசியையும் கண்டு அஞ்சுபவர்கள் தனி ரகம். ஏறிய இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து மயங்கிச் சாய்வார்கள். கை கால் தசைகளை இறுக்கிப் பிடிக்கப் பழகுவது இவர்களுக்கு உதவும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பயம் வடசொல்; அதை விடுவோம். அச்சம் நல்ல தமிழ்தான், ஆனால் அது நோயல்ல. தொல்காப்பியம் அதை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைக்கிறது. ‘அஞ்சுவது அஞ்சாமை பேதைமை’ என்கிறது 428ஆம் குறள். ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்ற பழமொழியும் இங்கே முழுதாகப் பொருந்தாது. அரண்டவன் பேய் என்றே நம்புகிறான். பல்லிக்கு நடுங்குபவருக்கோ அது வெறும் பல்லி என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்பதில்லை.

அச்சநோய் என்றால் எவருக்கும் புரியும். என் தேர்வு வெருளி. வெருள் என்பது வேர். வண்டிச் சத்தத்துக்கு மாடு வெருண்டு ஓடியது என்கிறோமே, அதில் அச்சமும் ஓட்டமும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன, ஹோமரின் ஃபோபோஸ் போலவே. உயர வெருளி, சிலந்தி வெருளி என்று ஒட்டிக்கொள்ளவும் வசதி. அகோராஃபோபியாவில் மட்டும் கவனம் வேண்டும். 1871இல் வெஸ்ட்ஃபால் என்ற ஜெர்மன் மருத்துவர் வைத்த பெயர் அது. அகோரா என்றால் சந்தைவெளி. அதைத் திறந்தவெளி அச்சம் என்று மட்டும் பெயர்த்தால் பாதிதான் வரும். நெரிசலான பேருந்தும் அவர்களை நடுக்கும். வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்வோமோ என்பதே அவர்களின் கலக்கம்.

யாழ்ப்பாணத்தில் வெருளி என்றால் தோட்டத்தில் நிறுத்தும் வைக்கோல் பொம்மை. முதல் நாள் காகம் அதைக் கண்டு பறந்துவிடும். மறுநாள் வேலியில் வந்து உட்காரும், பிறகு வரப்பில். மனநல மருத்துவர்கள் செய்யும் சிகிச்சையும் இப்படித்தான் படிப்படியாக நகர்கிறது: பல்லியின் படம், கண்ணாடிக் குடுவைக்குள் பல்லி, பிறகு சமையலறைச் சுவர். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் காகம் வெருளியின் தோளில் உட்கார்ந்திருக்கும்.