பளபளப்பைப் பார்த்து டிரம்பெட்டைக் கொடுத்துவிடாதீர்கள்

பழுதுபார்க்க வரும் டிரம்பெட், கார்னெட், யூஃபோனியம் போன்ற பித்தளை ஊது வாத்தியங்கள் சிலவற்றில் முதல் வேலை, முன்பு யாரோ செய்துவைத்த வேலையைப் பிரித்தெடுப்பதுதான். குழாய்களைப் பிணைக்கும் தாங்கி கழன்றிருந்தால், அதைக் கேஸ் வெல்டிங் வைத்து ஒட்டியிருப்பார்கள். பெல் என்ற விரிந்த முனையில் இருந்த எழுத்து அழியும் அளவுக்கு பஃப் (சக்கரப் பாலிஷ்) போட்டிருப்பார்கள். வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் சிக்கியிருந்தால் அதைக் கட்டிங் பிளேயரால் திருகி, அது செருகியிருக்கும் குழாயான லீட்பைப்பையே முறுக்கியிருப்பார்கள். குத்துவிளக்கும் பித்தளை, டிரம்பெட்டும் பித்தளை என்று பாத்திரப் பட்டறைக்குக் கொண்டுபோவதால் வரும் வினை இது. பட்டறைக்காரர் கெட்டிக்காரராகவே இருப்பார். ஆனால் அவர் கை பழகியது தடித்த பித்தளையில். டிரம்பெட் பெல்லின் தகடு சுமார் அரை மில்லிமீட்டர்தான்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே சிலவற்றைச் சோதித்துவிடுங்கள். பழுது எங்கே என்று ஓரளவு தெரிந்தால்தான், எதிரே இருப்பவர் சொல்வது சரியா என்று புரியும்.

முதலில் பிஸ்டன்கள், அதாவது வால்வை விரலால் அழுத்தும்போது கேசிங் என்ற உறைக்குள் ஏறி இறங்கும் உருளைகள். கேசிங்கிலும் பிஸ்டனிலும் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். வாயருகே இருப்பது 1. சுத்தம் செய்தபின் மாற்றிப் போட்டாலோ, வழிகாட்டிக் கட்டை பள்ளத்தில் உட்காராவிட்டாலோ காற்று போகாது. "ஊதினால் சத்தமே வரவில்லை" என்ற புகார் பல நேரம் இவ்வளவுதான். நல்ல பழுதுபார்ப்பவர் இதை உங்கள் கண் முன்னே திருப்பிப் போட்டுக் கொடுத்துவிடுவார். இதற்கு "வால்வு முழுக்க ஓவராயில் செய்யணும்" என்று தொகை சொல்பவரிடம் அடுத்த பேச்சே வேண்டாம்.

அடுத்து காற்றுக் கசிவு. முதல் வால்வின் ஸ்லைடுக்கு (இழுத்து நீட்டும் குழாய்) கொஞ்சம் கிரீஸ் தடவிச் செருகுங்கள். வால்வை அழுத்தாமல் ஸ்லைடை இரண்டு சென்டிமீட்டர் வெளியே இழுத்து, ஐந்து எண்ணிவிட்டு வால்வை அழுத்துங்கள். 'டப்' என்று கேட்டால் பிஸ்டன் காற்றைப் பிடித்து நிறுத்துகிறது. சத்தமே இல்லையென்றால் பிஸ்டனோ ஸ்லைடோ தேய்ந்திருக்கிறது. உள்ளே சேரும் எச்சிலை வடிக்கும் சாவியின் கார்க்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஊதிப் பாருங்கள். ஒலி தெளிந்தால் குற்றவாளி அந்தச் சின்னக் கார்க்தான். மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை.

வால்வு தேய்மானம் மட்டும் பெரிய சங்கதி. புதிய வாத்தியத்தில் பிஸ்டனுக்கும் கேசிங்குக்கும் உள்ள இடைவெளி மொத்தமே சுமார் 0.03 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு பிஸ்டனும் அதனதன் கேசிங்கோடு சேர்த்து இழைக்கப்பட்டது. அதனால் யமஹா கேசிங்குக்குள் உத்தரப் பிரதேசத்து மீரட்டில் செய்த பிஸ்டனைப் போட்டு ஓட்டிவிடலாம் என்று சொன்னால் நம்பாதீர்கள். தேய்ந்த பிஸ்டன் மேல் நிக்கல் முலாம் ஏற்றி, கேசிங்கின் உட்புறத்தைச் சீராகத் தேய்த்து (ஹோன் செய்து), இரண்டையும் மறுபடி இழைப்பதே உண்மையான வைத்தியம். அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். "இது என்னிடம் முடியாது, வெளியே அனுப்ப வேண்டும்" என்று சொல்பவரைக் குறைவாக எடைபோடாதீர்கள். எமரி தாளைக் கையில் எடுப்பவரைப் பார்த்தால் வாத்தியத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இறுகும் பிஸ்டன் அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும், காற்று நிரந்தரமாகக் கசியும்.

லீட்பைப்பை வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். இளஞ்சிவப்புப் புள்ளி, நடுவில் கருத்த முனை தெரிந்தால் அது ரெட் ராட் என்ற அரிப்பு. உள்ளே தங்கும் எச்சிலும் அழுக்கும் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்துவிட, செம்பு மட்டும் சல்லடையாக மிஞ்சுகிறது. அரிப்பு உள்ளிருந்து வெளியே வருவதால் மேலே தேய்த்துப் பயனில்லை. ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து ஈயம் பற்றவைக்கலாம், சில காலம் தாங்கும். நிலையான தீர்வு லீட்பைப்பை மாற்றுவது. இரண்டையும் விலையோடு பிரித்துச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

இனி கடையை எடைபோடுவது. மவுத்பீஸ் புல்லர் இருக்கிறதா என்று கேளுங்கள். சிக்கிய மவுத்பீஸை முறுக்காமல் நேராக இழுத்தெடுக்கும் சிறு கருவி அது. இருந்தால் ஒரு நிமிட வேலை. பித்தளை வாத்தியம் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு அது இல்லாதவர் மற்றதற்கெல்லாம் என்ன வைத்திருப்பார்? ஒடுக்கு எடுக்க அளவு வாரியாக எஃகுக் குண்டுகளும், பெல்லின் உள்ளே தாங்கிப் பிடிக்கும் அச்சான மாண்ட்ரலும் இருக்க வேண்டும். குழாயின் உள்விட்டத்துக்கு ஏற்ற குண்டை உள்ளே விட்டு, தகட்டை வெளியே தள்ளி, மேலே மெல்ல இழைப்பார்கள். கம்பியை விட்டுக் குத்தினால் பள்ளம் போய் முகடு வரும்.

பற்றவைக்கும் முறையையும் கேளுங்கள். ஈயப்பற்று 190 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகிவிடும். வெள்ளிப்பற்றுக்கு 600-க்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் சுற்றியுள்ள பித்தளை இளகி, பக்கத்து இணைப்புகளும் கழன்றுவிடும். தாங்கிகளுக்கு ஈயப்பற்றே போதும். அப்போதும் அந்த இடத்து லாக்கர் பூச்சு கொஞ்சம் கருகலாம். அதை முன்கூட்டியே சொல்பவரை நம்பலாம்.

"பாலிஷ் போட்டுப் புதுசு போல ஆக்கித் தருகிறேன்" என்ற வாக்கியத்துக்கு மட்டும் மயங்காதீர்கள். ஒவ்வொரு பஃபும் தகட்டைக் கொஞ்சம் தின்னும். விளிம்புகள் மழுங்கும், பொறிப்பு மங்கும், பழைய வாத்தியமென்றால் விற்கும் விலையும் இறங்கும். ஒலிக்கு லாபம் எதுவும் இல்லை. இங்கே ஒரு விண்ணப்பம்: கொண்டுவரும் முன் புளியும் பித்தளை துலக்கும் பொடியும் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தப் பொடி வால்வுக்குள் இறங்கினால் எமரி போலத்தான் வேலை செய்யும். தேங்காயெண்ணெயும் கூடாது. 24 டிகிரி வாக்கில் உறையும் எண்ணெய், கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்குப் பிஸ்டன் எழாமல் செய்துவிடும்.

ஒப்படைக்கும்போது இரண்டாம் வால்வுக் கேசிங்கில் பொதுவாக இருக்கும் வரிசை எண்ணைக் குறித்து, நாலாபுறமும் படம் எடுத்து, செய்யப்போகும் வேலைகளைத் தனித்தனி விலையோடு எழுதி வாங்குங்கள். கழற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். சிக்கல் மவுத்பீஸில் இல்லையென்றால் அதைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப வாங்கும்போது கடையிலேயே உட்கார்ந்து, கீழ் ஸ்தாயியிலிருந்து அரைச் சுரம் அரைச் சுரமாக மேலே ஊதிப் பாருங்கள். வழக்கமாகப் பயன்படும் வால்வுச் சேர்க்கைகள் எல்லாம் அதில் வந்துவிடும். அந்த 'டப்' சோதனையையும் மறுபடி செய்யுங்கள். இணைப்பு ஓரத்தில் பச்சை படர்ந்தால் பற்றவைத்த அமிலத்தைக் கழுவாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். வால்வுக்குப் புது ஃபெல்ட் (மெத்தென்ற வளையம்) போட்டிருந்தால் ஊத ஊத அது கொஞ்சம் அமுங்கும். பிஸ்டன் துளையும் குழாய் வாயும் அப்போது இம்மியளவு விலகலாம். அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருமுறை சரிபார்ப்பதும் பேசிய தொகைக்குள் அடங்குமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.