ஒளியை எந்தத் தாரையும் முந்தவில்லை

இந்த மாதத்தில் மட்டும் ஐந்தாவது தடவை. "கேலக்ஸி மையத்திலிருந்து ஒளியைவிட ஐந்து மடங்கு வேகத்தில் பாயும் தாரை! ஐன்ஸ்டைன் தவறு!" என்று சிவப்பு எழுத்தில் ஒரு ஃபார்வர்டு. கீழே எங்கள் ரேடியோ வானியல் துறையினர் எடுத்த படம். கேலக்ஸி நடுவிலுள்ள கருந்துளைக்கு அருகிலிருந்து எதிரெதிராக இரு பக்கமும் பீறிட்டுப் பாயும் பொருளைத்தான் தாரை என்கிறோம். ஒரு பள்ளியில் பேசி முடித்து இறங்கினால், ஆசிரியர் ஒருவரே அதை நீட்டி, "இதையெல்லாம் ஏன் சார் மறைக்கிறீர்கள்?" என்கிறார். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறைக்க ஒன்றுமே இல்லை. ஒளியை முந்துவதுபோல் தெரியும் என்று வானியற்பியலாளர் மார்ட்டின் ரீஸ் 1966-லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். ஐந்தாண்டு கழித்து, வெகுதூரம் தள்ளியிருந்த ரேடியோ தொலைநோக்கிகளைச் சேர்த்துப் பார்த்தபோது 3சி 279 என்ற குவேசாரில், அதாவது வெகுதொலைவு கேலக்ஸி ஒன்றின் மிகப் பிரகாசமான மையத்தில், அது தெரியவும் செய்தது. தெரிவது வேறு, நடப்பது வேறு.

அந்த ஆசிரியருக்குத் தாளில் போட்டுக் காட்டிய கணக்கு இது. படத்தில் பளிச்சென்று திரண்டு தெரிவதை முடிச்சு என்போம். ஒரு முடிச்சு, ஒளியின் வேகத்தில் 98 சதவீதத்தில் கிளம்புகிறது. நேராக நம்மை நோக்கி அல்ல, 10 டிகிரி விலகி. 100 ஆண்டில் 98 ஒளியாண்டு போகும். அதில் நம் பக்கம் நெருங்கியது 96.5 ஒளியாண்டு, பக்கவாட்டில் நகர்ந்தது 17. கிளம்பும்போது விட்ட ஒளியும் 100 ஆண்டு கழித்து விட்ட ஒளியும் எவ்வளவு இடைவெளியில் நம்மிடம் வரும்? நூறு ஆண்டு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டாவது ஒளிக்கு 96.5 ஒளியாண்டுப் பயணம் குறைவு. அதனால் இடைவெளி மூன்றரை ஆண்டுதான். 17 ஒளியாண்டை மூன்றரை ஆண்டில் கடந்ததுபோல் தெரிகிறது. அந்த 'ஐந்து மடங்கு' இதுதான். முடிச்சு எந்த நொடியிலும் ஒளியை முந்தவில்லை.

ஆசிரியர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். அப்புறம், "சரி, எதிர்ப்பக்கத் தாரை எங்கே?" என்றார். அருமையான கேள்வி! அதே வேகம், அதே கோணம் என்றால், நம்மை நோக்கி வருவது விலகிப் போவதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பிரகாசமாகத் தெரியும். படத்தில் இல்லை என்பதால் அங்கே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொரு பீதி, எம்87 தாரை பூமியைத் தாக்கப் போகிறது என்பது. அந்த கேலக்ஸி சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. தாரையின் நீளம் சில ஆயிரம் ஒளியாண்டுகள். நிம்மதியாகத் தூங்குங்கள். கருந்துளைக்குள்ளிருந்து பொருள் தப்பி வருகிறது என்பதும் தவறு. தாரை கிளம்புவது அதற்கு வெளியே.

படத்தைப் பகிரும் முன் தயவுசெய்து மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன நீள்வட்டம் இருக்கும். கருவியால் பிரித்துப் பார்க்க முடிந்த அளவு அவ்வளவுதான். அதைவிட நுணுக்கமாக எது தெரிந்தாலும் நம்பாதீர்கள். அதை வெட்டிவிட்டு ஃபார்வர்டு செய்யவே செய்யாதீர்கள். நிறங்கள் நாங்கள் போட்டவை, ரேடியோ அலைக்கு நிறம் கிடையாது. ஓரத்தில் மங்கலாகத் தெரியும் புள்ளிகளைப் புதுக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடாதீர்கள். தொலைநோக்கிகளுக்கு நடுவே இருக்கும் காலி இடங்களைக் கணினி ஈடுகட்டும்போது வரும் கசடாகவும் அவை இருக்கலாம். அதை வடிகட்டத்தான் எங்களுக்கு வாரக்கணக்கில் போகிறது.

ரேடியோ தொலைநோக்கியை நேரில் பார்க்க வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். நிலவில் ஒரு கைப்பேசியை வைத்தால், அதன் அலைவரிசையில் 3சி 273 குவேசாரைவிடப் பிரகாசமாகத் தெரியும். அது உங்கள் சட்டைப்பையில், தொலைநோக்கியின் அடியிலேயே இருந்தால்? திரையில் செங்குத்தாக ஒரு கோடு எழும். அந்த நேரத்துத் தரவை வெட்டி எறிய வேண்டியதுதான். சைலண்டில் போட்டால் போதாது. வாசலிலேயே முழுதாக அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.