சீனக்குடாவிலிருந்து ரொறன்ரோ எத்தனை கிலோமீற்றர்?

சுவரில் தொங்கும் மேர்காட்டர் உலகப் படத்தில் (உருண்டையைத் தட்டையாக விரித்து வரைந்த படம்) சீனக்குடா விமான நிலையம் இருக்கும் திருகோணமலையையும் ரொறன்ரோவையும் அடிமட்டம் வைத்து இணைத்துப் பாருங்கள். கோடு அரபிக்கடல், சகாரா, அத்திலாந்திக் என்று மேற்கே ஓடும். அந்தக் கோட்டின் வழியே பறந்தால் சுமார் 16,150 கிலோமீற்றர். உண்மையான குறுக்குவழியோ 13,900க்குச் சற்றுக் குறைவு.

நம்பிக்கை இல்லாவிட்டால் 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே ஏறி, 73 பாகை வட அகலாங்கு வரை ஆர்க்டிக்கைத் தொட்டுவிட்டு இறங்கும். அளந்தால் ஏறக்குறைய 32.7 சென்ரிமீற்றர், ஒரு சென்ரிமீற்றர் 425 கிலோமீற்றருக்குச் சமம். கனடா மேற்கே என்றுதான் சொல்கிறோம். ஆனால் சீனக்குடாவிலிருந்து இந்த வழியில் கிளம்பினால் விமானத்தின் மூக்கு வடக்கிலிருந்து 17 பாகை மட்டுமே மேற்கே சாய்ந்திருக்கும். சென்னைக்குச் சற்று மேற்காகக் கடக்கும்.

இனிக் கணக்கு. சீனக்குடா அகலாங்கு 8.54, நெட்டாங்கு 81.18. ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையம் 43.68, −79.63 (மேற்கு என்பதால் கழித்தல் குறி). நெட்டாங்கு வித்தியாசம் 160.81 பாகை. இரு அகலாங்குகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.1485 × 0.6906 = 0.1026. பிறகு அவற்றின் கோசைன்களை வித்தியாசத்தின் கோசைனோடு பெருக்குங்கள்: 0.9889 × 0.7232 × (−0.9444) = −0.6754. கூட்டினால் −0.5728. அந்தக் கோசைனுக்குரிய கோணம் 124.95 பாகை. ஒரு பாகைக்கு 111.195 கிலோமீற்றர் வீதம் 13,894. கடல்மைல் வேண்டுமானால் 60ஆல் பெருக்கினால் போதும்: 7,497.

பிழைக்கிற இடங்கள் பெரும்பாலும் மூன்று. மேற்கு நெட்டாங்கின் கழித்தல் குறியை விட்டால் விடை 3,911 என்று வரும். ரொறன்ரோ கசகஸ்தானுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். 8 பாகை 32 கலையை (ஒரு பாகைக்கு 60 கலை) 8.32 என்று எழுதினால் ஓடுபாதை 24 கிலோமீற்றர் தெற்கே நகரும். 32ஐ 60ஆல் வகுத்து 8.53 என்றுதான் எழுத வேண்டும் (விகலைகளையும் சேர்த்தால் மேலே உள்ள 8.54). மூன்றாவது, எக்செல். அது கோணத்தைப் பாகையில் அல்ல, ரேடியன் என்ற வேறு அலகில்தான் எடுக்கும். மாற்றாமல் பாகையைக் கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் தவறான எண்ணைத் தரும். அதுதான் ஆபத்து.

பூமி சரியான உருண்டை அல்ல. நடுக்கோட்டு ஆரை 6,378 கிலோமீற்றர், துருவத்தில் 6,357. அதனால் இந்த விடை 0.5 சதவீதம் வரை பிசகலாம். விமானத்துறைக் கணக்குகள் பூமிக்கு டபிள்யூஜிஎஸ் 84 என்ற, துருவங்களில் சற்றுத் தட்டையான உருவை எடுத்துக்கொள்கின்றன.

விமானம் பறக்கும் தூரம் இதைவிடக் கூடும்: வான்வழிப் பாதைகள், எதிர்காற்று, மூடிய வான்பரப்பு. 2022இலிருந்து கனேடிய விமானங்களுக்கு ரஷ்ய வானம் மூடப்பட்டிருக்கிறது. நம் நூல் அதன் மேலேதான் போகிறது. லண்டனில் மாறிப் போனாலோ 8,690, அங்கிருந்து ஏறக்குறைய 5,710, மொத்தம் 14,400. சுற்று 500 கிலோமீற்றர்தான்.