கன்வெர்ஷன்: மாற்றமா, மாற்றலா?

இயற்பியல், வேதியியல், கணிதம், மின்னணுவியல், கணிப்பொறியியல் என எந்தத் துறையை எடுத்தாலும் 'கன்வெர்ஷன்' என்ற சொல் எங்காவது வந்துவிடும். தமிழில் எழுதும்போது பெரும்பாலோர் 'மாற்றம்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். பல இடங்களில் அது போதும். சில இடங்களில் வாசகரைத் தவறான கணக்குக்கே அது இட்டுச் செல்கிறது.

'வெப்பநிலை மாற்றம் 10 டிகிரி செல்சியஸ்' என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். இதை ஃபாரன்ஹீட்டில் எழுத வேண்டும். காற்றின் வெப்பநிலையே 10 டிகிரி என்றால், 1.8ஆல் பெருக்கி 32ஐக் கூட்ட வேண்டும், விடை 50. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தது என்றால் பெருக்குவதோடு நிறுத்திவிட வேண்டும், விடை 18. அந்த 32 வருவதே இரண்டு அளவுகோல்களின் சுழியமும் வேறு வேறு இடத்தில் இருப்பதால்தான். ஒரு வெப்பநிலையிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும்போது இரண்டிலும் உள்ள 32 அடிபட்டுப் போகிறது. புவி 1.5 டிகிரி செல்சியஸ் சூடேறுவது என்பது ஃபாரன்ஹீட்டில் 2.7 டிகிரி. 32ஐயும் கூட்டிவிட்டால் 34.7 என்று வரும். அவ்வளவு சூடேறினால் உலகம் தாங்காது.

'வெப்பநிலை மாற்றம்' என்ற தொடர் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. வெப்பநிலை தானே மாறியதா, அதன் அலகை நாம் மாற்றினோமா? தொடரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. தமிழில் 'மாறு' தன்வினை, 'மாற்று' பிறவினை. உருகு–உருக்கு, திரும்பு–திருப்பு, ஆகு–ஆக்கு போல இதுவும் ஒரு சோடி. 'மாறு' என்பதோடு 'அம்' சேர்ந்து றகரம் இரட்டித்தால் 'மாற்றம்', ஆடு என்பது ஆட்டம் ஆவதைப் போல. 'மாற்று' என்பதோடு 'அம்' சேர்ந்தாலும் அதே 'மாற்றம்'தான். வினையில் தெளிவாகப் பிரிந்திருந்த இரண்டும் பெயரில் ஒரே வடிவத்தில் வந்து கலந்துவிடுகின்றன. 'மாற்றல்' அப்படியல்ல, அது 'மாற்று' என்பதிலிருந்து மட்டுமே பிறக்கும். தானாக நடப்பதற்கு 'மாறல்', 'மாறுதல்', 'மாறுகை' எல்லாம் இருக்கின்றன.

தமிழ்க் கணிதச் சொற்கள் இந்தச் சோடியை ஏற்கெனவே அழகாகப் பயன்படுத்துகின்றன. மதிப்பு மாறிக்கொண்டிருப்பது மாறி. மாறாதது மாறிலி. பொறியியலுக்கு வந்தால், ஒன்றை இன்னொன்றாக ஆக்கும் கருவி மாற்றி. ஒற்றை எழுத்து வேறுபாட்டில் தானே மாறுவதும் பிறிதொன்றை மாற்றுவதும் பிரிந்து நிற்கின்றன. கருவி 'மாற்றி' என்றால் அது செய்யும் வேலை 'மாற்றல்' என்பதுதானே முறை? 'மாற்றல்' என்றதும் பணியிட மாற்றல் பலருக்கு நினைவுக்கு வரும். அதுவும் ஒருவரை வேறிடத்துக்கு மாற்றும் செயல்தான். அறிவியல் கட்டுரையில் இதனால் குழப்பம் வர வாய்ப்பில்லை.

'மாற்றம்' என்ற சொல்லுக்கு இன்னொரு பழைய பொருளும் உண்டு: மறுமொழி. 'அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு' என்று குறளில் வருவது அந்தப் பொருளில்தான். இன்றைய பேச்சில் அது வழக்கொழிந்துவிட்டது.

சரி, கன்வெர்ஷன் எங்கிருந்து வந்தது? இலத்தீனில் 'வெர்தெரே' என்றால் திருப்புதல். முன்னால் வரும் 'கொன்' என்பதற்கு 'சேர்ந்து', 'முழுக்க' என்று பொருள். இரண்டும் சேர்ந்த 'கொன்வெர்தெரே' முழுக்கத் திருப்புதல், வேறொன்றாகத் திருப்புதல். ரிவர்ஸ், இன்வெர்ட்டர், வெர்டிகோ, யுனிவர்ஸ் எல்லாம் இதே வேரிலிருந்து கிளைத்தவை. ஆங்கிலத்துக்கு 14ஆம் நூற்றாண்டில் வந்தபோது இந்தச் சொல் சமயம் சார்ந்த பொருளில்தான் வழங்கியது: மனம் திரும்புதல். அறிவியல் பொருள்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் சேர்ந்துகொண்டன.

சுழல்வதிலிருந்து மாறுவதற்குப் பொருள் நகர்ந்த இந்தப் பாதைக்கு நேர் இணையாகத் தமிழில் ஒரு சொல் உண்டு: திரி. கயிறு திரித்தல் என்பதில் அது முறுக்குதல். இலக்கணத்தில் ஓர் எழுத்து வேறோர் எழுத்தாக ஆவது திரிதல். தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் சொல்லும் மூன்று விகாரங்களில் நடுவில் இருப்பது இதுதான். வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் கன்வெர்ஷனுக்குத் 'திரிப்பு' என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 'உண்மையைத் திரித்தல்' என்ற வழக்கால் அந்தச் சொல்லில் கெடுதல் என்ற நிழல் படிந்துவிட்டது. போதாததற்கு வைரஸின் வேறுபட்ட வகைகளுக்கு இப்போது 'திரிபு' என்றே பெயராகிவிட்டது. 'ஆற்றல் திரிப்பு' என்று எழுதினால் ஆற்றலை யாரோ பாழாக்கியது போலத்தான் படிப்பவருக்குத் தோன்றும். வேரை விட வழக்குக்கே வலிமை அதிகம்.

தருக்கவியலில் இந்தச் சொல்லுக்கு வேறொரு வேலை. ஒரு கூற்றின் எழுவாயையும் பயனிலையையும் இடம் மாற்றிப் போடுவதை அங்கே கன்வெர்ஷன் என்பார்கள். அரிஸ்டாட்டில் இதற்கு விதிகள் வகுத்தார். 'எந்த மீனும் பறவை அல்ல' என்பதைத் திருப்பினால் 'எந்தப் பறவையும் மீன் அல்ல', இதில் தவறில்லை. 'எல்லாச் சதுரங்களும் செவ்வகங்கள்' என்பதை அப்படியே திருப்பினால் பொய்யாகிவிடும். 'சில செவ்வகங்கள் சதுரங்கள்' என்பது வரைதான் போகலாம். இப்படித் திருப்பிய கூற்றுக்குப் பள்ளிக் கணிதத்தில் 'மறுதலை' என்ற அருமையான பெயர் நிலைத்திருக்கிறது. செங்கோண முக்கோணத்தில் இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் வரும் என்பது பிதாகரஸ் தேற்றம். 3, 4, 5 என்று பக்கங்களுள்ள முக்கோணத்தில் ஒரு கோணம் செங்கோணமாகத்தான் இருக்கும் என்று சொல்ல உதவுவது அதன் மறுதலை. இங்கே மாற்றம், மாற்றல் இரண்டுமே வேண்டாம். மறுதலை இருக்கும்போது வேறு எதற்கு?

கணிதத்தின் 'டிரான்ஸ்ஃபார்ம்' வேறு. அதற்கு 'உருமாற்றம்' என்பது ஊன்றிவிட்டது, அது சரியான சொல்லும்கூட. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே 1822இல் வெப்பம் பற்றிய நூலில், சார்புகளை சைன், கோசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக விரித்துக் காட்டினார். அதன் தொடர்ச்சியாக வந்ததே ஃபூரியே உருமாற்றம். நேரத்தைப் பொறுத்து எழுதிய ஒலியை அதிர்வெண்ணைப் பொறுத்து அது எழுதிக் காட்டுகிறது. ஒலி அதேதான், அதைப் பார்க்கும் உருதான் வேறு. தேவைப்பட்டால் பழைய உருவுக்குத் திரும்பியும் வரலாம்.

மாற்றல் என்று சொல்லத் தகுந்த எல்லா இடங்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு. ஒன்றை வேறொன்றாக ஆக்கும்போது ஏதோ ஓர் அளவு குலையாமல் இருக்கும், அல்லது இருந்தாக வேண்டும். தமிழ் வாக்கியத்தில் இதற்கு 'ஐ', 'ஆக' என்று இரண்டு முனைகள் தேவை: மைலைக் கிலோமீட்டராக, வெப்பத்தை மின்சாரமாக. வெறும் மாற்றத்துக்கு ஒரு முனை போதும்: காலநிலை மாற்றம், விலை மாற்றம். ஒரு தொடரை 'எதை எதுவாக?' என்று கேட்டுப் பாருங்கள். விடை வந்தால் அது மாற்றல்.

அலகு மாற்றலில் குலையாமல் இருக்க வேண்டியது அளக்கப்படும் பொருளின் அளவு. ஓர் அங்குலம் மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர், இது 1959இல் ஒப்பந்தமான வரையறை. அங்குலத்தில் சொன்னாலும் மில்லிமீட்டரில் சொன்னாலும் கோலின் நீளம் கூடாது, குறையாது. இந்த இடத்தில் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்தது ஒன்று போதும். போயிங் 767 விமானம் ஒன்றுக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. தொட்டிகளில் ஏற்கெனவே 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரை எடையாக மாற்ற 1.77ஆல் பெருக்கினார்கள். அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். கிலோவுக்கு அது ஏறத்தாழ 0.8. பவுண்டில் வந்த 13,597ஐக் கிலோ என்று எடுத்துக்கொண்டு மீதிக்கு 4,916 லிட்டர் மட்டும் நிரப்பினார்கள். உண்மையில் 20,000 லிட்டருக்கு மேல் நிரப்பியிருக்க வேண்டும். 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து எஞ்சின்கள் நின்றுபோயின. விமானி அதைச் சறுக்கிக்கொண்டே கொண்டுவந்து, கிம்லி என்ற இடத்தில் கைவிடப்பட்ட விமானத்தளத்தில் இறக்கினார். உயிரிழப்பு இல்லை.

ஆற்றல் மாற்றலில் குலையாதது ஆற்றலின் மொத்தம். இதை நிலைநாட்டியதில் ஆங்கில இயற்பியலாளர் ஜூலுக்குப் பெரும் பங்கு உண்டு. எடைகள் கீழிறங்கும்போது துடுப்புகள் சுழன்று நீரைக் கலக்கும்படி அவர் 1840களில் ஒரு கருவி அமைத்தார். கலக்கிய நீர் மிக நுண்ணிய அளவில் சூடேறியது. எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்ற கணக்கு அப்படிக் கிடைத்தது. இன்றைய அலகில் ஒரு கலோரி ஏறத்தாழ 4.18 ஜூல். வேலையை முழுதும் வெப்பமாக மாற்றலாம், வெப்பத்தை முழுதும் வேலையாக மாற்ற முடியாது. இந்த எல்லையைப் பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ 1824இலேயே தொட்டுவிட்டார். 600 கெல்வினுக்கும் 300 கெல்வினுக்கும் இடையில் ஓடும் எஞ்சின் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பாதி வெப்பத்துக்கு மேல் வேலையாக்க முடியாது. மீதி அழியவில்லை, வெப்பமாகவே வெளியேறுகிறது. ஒற்றைச் சந்தி கொண்ட சூரிய மின்கலத்துக்கும் இப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. 1961இல் ஷாக்லியும் குவைசரும் முதலில் கணக்கிட்டது; இன்றைய கணக்கில் ஏறத்தாழ 33 விழுக்காடு. 'ஆற்றல் மாற்றல்' என்பதில் எதுகை அதிகமாக ஒலிப்பது உண்மைதான். பாடநூல்களில் 'ஆற்றல் மாற்றம்' வேரூன்றிவிட்டதால் அதைப் பிடுங்க வேண்டியதில்லை. ஐயம் வரக்கூடிய இடத்தில் மட்டும் 'வெப்பத்தை மின்னாற்றலாக மாற்றுதல்' என்று வினையிலேயே எழுதிவிடலாம்.

வேதிப் பொறியியலில் கன்வெர்ஷன் ஒரு செயலின் பெயர் மட்டும் அல்ல, ஓர் எண்ணும்கூட. உள்ளே போன வினைபடு பொருளில் எத்தனை பங்கு வினைப்பட்டது என்பதுதான் அந்த எண். இதை 'மாற்றல் பின்னம்' எனலாம். ஹேபர் முறையில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் ஒருமுறை வினையூக்கியின் மேல் பாயும்போது சுமார் 15 விழுக்காடுதான் அம்மோனியா ஆகிறது. அம்மோனியாவைக் குளிர்வித்துப் பிரித்தெடுத்து, மிச்ச வாயுவைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்புவதால்தான் மொத்தத்தில் பெரும்பகுதியும் மாறுகிறது. இங்கே 'மாற்றம் 15 விழுக்காடு' என்று எழுதினால், எது 15 விழுக்காடு கூடியது என்று வாசகர் தேடுவார்.

கணிப்பொறியில் குலையக் கூடாதது எண்ணின் மதிப்பு. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ஏவூர்தியில் அது குலைந்தது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை 64 பிட்டு மிதவைப் புள்ளி எண்ணிலிருந்து (பின்னமும் கொள்ளும் எண்வகை) 16 பிட்டு முழு எண்ணாக மென்பொருள் மாற்றிக்கொண்டிருந்தது. நேர், எதிர்க் குறி இரண்டுக்கும் இடமுள்ள அந்த 16 பிட்டில் ஏறக்கூடிய மிகப்பெரிய எண் 32,767. ஏரியான் 4இன் பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு பெரிதாக வளர்ந்ததே இல்லை. ஏரியான் 5 வேகமாகக் கிடைத்திசையில் சாய்ந்ததால் மதிப்பு எல்லையைத் தாண்டியது. மாற்றல் தோற்றது, அதைச் செய்த வழிகாட்டும் கருவி நின்றது. மாற்றாக வைத்திருந்த கருவியிலும் அதே மென்பொருள் என்பதால் அதுவும் நின்றது. புறப்பட்டு 40 விநாடி அளவில் ஏவூர்தி சிதறியது. விசாரணை அறிக்கையிலும் 'கன்வெர்ஷன்' என்ற சொல்லே வருகிறது. தமிழில் 'எண்வகை மாற்றல் பிழை'.

அணுக்கரு இயற்பியலில் இரண்டு கன்வெர்ஷன்கள் அடிக்கடி குழம்பும். கிளர்ந்த அணுக்கரு காமாக் கதிரை வெளிவிடாமல் தன் ஆற்றலை நேரே ஓர் எலெக்ட்ரானிடம் கொடுத்து அதை வெளியேற்றுவது ஒன்று. இதை 'அக மாற்றல்' என்று சொல்லலாம். தனிமம் எதுவும் மாறுவதில்லை. மற்றொன்று உலைகளில் நடப்பது. யுரேனியம்-238 ஒரு நியூட்ரானை ஏற்று யுரேனியம்-239 ஆகிறது. அது 23 நிமிட அளவிலான அரை ஆயுளுடன் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம்) நெப்டியூனியம்-239 ஆகச் சிதைகிறது. நெப்டியூனியம் இரண்டரை நாளுக்குச் சற்றுக் குறைவான அரை ஆயுளுடன் புளூட்டோனியம்-239 ஆகிறது. இந்தச் சங்கிலியில் இரண்டு சொல்லுக்கும் இடம் இருக்கிறது. சிதைவு தானே நிகழ்கிறது, அது மாறல். நியூட்ரானைக் கொண்டு எரிபொருள் அல்லாததை எரிபொருளாக ஆக்குவது உலை, அது மாற்றல். எரிந்த ஒவ்வோர் அணுவுக்கும் எத்தனை புதிய எரிபொருள் அணுக்கள் உண்டாயின என்பது 'மாற்றல் விகிதம்'. அது ஒன்றைத் தாண்டினால் அந்த உலைக்கு ஈனுலை என்று பெயர்.