பீடிங்கைப் பிடுங்காதீர்கள்

கார் கதவில் ஒட்டிய பீடிங், அதாவது பக்கவாட்டில் ஓடும் அந்தப் பட்டை, ஒரு முனையில் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். கை சும்மா இருக்காது. விரலை உள்ளே விட்டு வெடுக்கென்று இழுத்துவிடுவார்கள். மறுநாள் வண்டி பட்டறைக்கு வரும். பீடிங் பின்சீட்டில் கிடக்கும். அதைத் திருப்பிப் பார்த்தால் கதவின் பெயின்ட் ஒரு விரல் அகலத்துக்கு அதன் முதுகில் ஒட்டியிருக்கும்.

பெயின்ட் வேலையையே தொழிலாகக் கொண்ட எனக்கு ஒவ்வொரு முறையும் இது மனதை உறுத்துகிறது. ஒரு மணி நேரப் பொறுமையில் முடிய வேண்டிய வேலை, கதவு முழுக்க மறுபடி பெயின்ட் அடிக்கும் வேலையாகிவிடுகிறது. கம்பெனி பெயின்ட் ஒருமுறை போனால் போனதுதான். தொழிற்சாலையில் வண்டியின் வெறும் உடலை ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் வைத்துப் பெயின்டைச் சுடுகிறார்கள். பட்டறையில் 60 டிகிரிக்குப் பக்கத்தில்தான் சுட முடியும். அதற்கு மேல் போனால் வண்டியில் உள்ள பிளாஸ்டிக்கும் ரப்பரும் தாங்காது.

பீடிங், லோகோ, எழுத்துகள், வீல் ஆர்ச் பட்டை எல்லாவற்றுக்கும் பின்னால் பெரும்பாலும் இருப்பது அக்ரிலிக் நுரையால் ஆன டபுள் சைடு டேப். அதன் குணத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வேகமாக இழுத்தால் அது விறைத்துக்கொண்டு எதிர்க்கும். மெதுவாக, விடாமல் இழுத்தால் நீண்டு கொடுக்கும். குளிரில் இறுகும், சூட்டில் இளகும். வெடுக்கென்று இழுக்கும்போது டேப் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த இழுப்பு முழுவதும் பெயின்ட் மேல் போய் விழுகிறது.

பெயின்டோ மிக மெல்லியது. கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்குகளும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு பிரின்டர் தாளின் தடிமன் ஏறக்குறைய 100 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் கம்பெனி பெயின்ட் தகட்டை நன்றாகப் பிடித்திருக்கும், எளிதில் உரியாது. உரிவது பெரும்பாலும் இடையில் யாரோ அடித்த பெயின்ட். சரியாகத் தேய்க்காமல் பழைய கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்பு அடுக்கு) மேலேயே அடித்திருந்தால், டேப்பின் பிடி பெயின்டின் பிடியைவிட வலுவாக இருக்கும். அப்போது எது முதலில் கழன்று வரும் என்று சொல்லவே வேண்டாம்.

அதனால் நான் முதலில் கையில் எடுப்பது சூடான காற்றை ஊதும் ஹீட் கன் அல்ல, பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர். ஒரு கதவு 120 காட்டி, பக்கத்துக் கதவு 250 காட்டினால் அங்கே மறுபெயின்ட் இருக்கிறது. மீட்டர் இல்லையென்றால் கதவைத் திறந்து ரப்பர் ஓரத்தையும் கீல் பக்கத்தையும் பாருங்கள். பெயின்ட் தெறித்திருக்கும், அல்லது மாஸ்கிங் டேப் ஒட்டிய கோடு தெரியும்.

மீட்டரும் சொல்லாத ஒன்றை ஒரு சாம்பல் நிற வண்டியில் கற்றுக்கொண்டேன். டேப்பைச் சூடுகாட்டி இளக்கி, பீடிங்குக்குப் பின்னால் நூலை விட்டு அறுத்துக்கொண்டிருந்தேன். சூடு சரி, நூல் சரி, டேப்பும் அழகாக அறுந்து வந்துகொண்டிருந்தது. பீடிங்கின் மேல் ஓரத்தில் மட்டும் மயிரிழை அகலத்தில் ஒரு பெயின்ட் செதில் கிளம்பியது. கையை நிறுத்திவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முன்பு பெயின்ட் அடித்தவர் பீடிங்கைக் கழற்றாமல் மாஸ்கிங் மட்டும் ஒட்டி அடித்திருக்கிறார். கிளியர் கோட் பீடிங்கின் ஓரத்திலும் கதவிலும் சேர்ந்து படிந்து, இரண்டையும் இணைத்து ஒரு பாலம் போட்டிருந்தது. பீடிங் எழும்பும்போது பாலமும் கதவின் பெயின்டைத் தூக்கிக்கொண்டு எழும்புகிறது. இப்படி இருந்தால் புது பிளேடை பீடிங் பக்கமாகச் சாய்த்து அந்தப் பாலத்தை முதலில் அறுத்துவிட வேண்டும். பழகாத கை இதில் இறங்க வேண்டாம், பெயின்டரிடம் விட்டுவிடுங்கள்.

இனி வேலை. வண்டியை முதலில் கழுவுங்கள், பீடிங்கின் இடுக்கை பிரஷ் வைத்துத் தேயுங்கள். இடுக்கில் மண் இருந்தால் நூல் அதையும் இழுத்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி பெயின்டைக் கீறும். சில பீடிங்குகள் டேப்போடு பிளாஸ்டிக் முளை வைத்தும் மாட்டப்பட்டிருக்கும். முனையில் டார்ச் அடித்துப் பாருங்கள். நூல் ஓரிடத்தில் தட்டி நின்றால் பலம் கொடுக்காதீர்கள்.

சூட்டுக்கு ஹேர் ட்ரையர் போதும். ஹீட் கன் வாயில் 500 டிகிரி வரைகூடப் போகும். ஓரிடத்தில் சில நொடி நின்றாலே கிளியர் கோட் கொப்பளித்துவிடும், பம்பராக இருந்தால் நெளிந்துவிடும். ட்ரையரை ஒரு சாண் நீளத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருங்கள். பக்கத்துப் பெயின்டில் புறங்கையை வைத்தால் நன்றாகச் சுட வேண்டும், ஆனால் ஒரு நொடியாவது தாங்க வேண்டும். அதுதான் அளவு.

பிறகு தூண்டில் நரம்பு அல்லது டென்டல் ஃப்ளாஸ். கையுறை போட்டு, இரண்டு கையிலும் சுற்றி, பீடிங்குக்குப் பின்னால் விட்டு ரம்பம் மாதிரி அறுங்கள். நூலின் அழுத்தம் எப்போதும் பீடிங் பக்கமே இருக்கட்டும். நுரை அறுபடும்போது கைக்கு ஒரு மென்மை தெரியும். அது இறுகினால் டேப் ஆறிவிட்டது, மறுபடி சூடு காட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பவே கூடாது. ஒரே நெம்பில் பெயின்டும் போகும், தகடும் குழியும்.

பாதி நுரை கதவிலேயே தங்கும். பயப்பட வேண்டாம், அதுதான் சரியான முறை. சூடுகாட்டி கட்டை விரலால் உருட்டினால் திரி திரியாக வரும். மிச்சப் பசைக்கு அதற்கென்று விற்கும் ரிமூவரை, பார்வையில் படாத ஓர் இடத்தில் சோதித்த பிறகு தடவுங்கள். அதற்கு முன் ட்ரையரின் பிளக்கைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிடுங்கள், ரிமூவரின் ஆவி தீப்பிடிக்கும். தின்னரும் அசிட்டோனும் வேண்டவே வேண்டாம், மறுபெயின்டை அவை கரைத்து இளக்கிவிடும்.

பழைய வண்டியில் பீடிங் இருந்த தடம் தெரியும். வெயில் படாத அந்தப் பட்டை மட்டும் புது நிறத்தில் இருக்கும். பாலிஷ் போட்டால் குறையும், முழுதாக மறையும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. எங்காவது தகடு தெரியும் அளவுக்கு உரிந்திருந்தால் அன்றே அந்த இடத்தில் மட்டும் டச்-அப் பெயின்ட் வைத்துவிடுங்கள், துரு காத்திருக்காது.

திரும்ப ஒட்டுவதாக இருந்தால், கழற்றும் முன்பே மாஸ்கிங் டேப்பால் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நுரை துளியும் இருக்கக் கூடாது. புது டேப் ஒட்டி அழுத்தியதும் பிடித்ததுபோலத் தோன்றும், ஆனால் முழுப் பலம் வர 72 மணி நேரம் ஆகும். அதுவரை வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விடாதீர்கள்.